மைனருக்கு இரட்டைவடச் சங்கிலி

றேடியேற்றர் கழன்று பூவரச மரத்தோடு சாய்ந்து நிற்கிறது. விசிறியும் பெல்ட்டும் ஒரு பழைய உரச்சாக்கின் மேல் படுத்திருக்கின்றன. கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜின் தகரக் கொட்டகைக்குள், சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்று பொனற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பல் வைத்தியரிடம் வாய் பிளந்த அப்புவைப் போல. அந்த வாய்க்குள் நான் தலையை விட்டிருக்கிறேன். காலை ஏழரை மணி. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்!

"கிட்ட வாங்கோ. சேட்டிலை ஒயில் படும், பரவாயில்லையே?" என்கிறார் கராஜ்கார அண்ணை.

பரவாயில்லை அண்ணை. இதைப் பார்க்கத்தானே விடியவே எழும்பி வந்தேன்.

இவ்வளவுக்கும் நாங்கள் பார்க்கப்போவது ஒரு தகர மூடியின் பின்பக்கத்தை. சோற்றுக் கோப்பை அளவு மூடி. எஞ்சினின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும். காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். இந்தக் காரை நாற்பது வருடமாக ஓட்டுகிறார். அவர்கூட இந்த மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டதில்லை. கதிரை போட்டு ஒதுங்கி இருந்தவர், கடைசிப் போல்ட் கழல்கிற சத்தம் கேட்டதும் கதிரையோடு கிட்ட நகர்ந்துவிட்டார்.

ஆனால் அந்த மூடி சும்மா கழலாது. அதற்கு முன்னால் கிராங் புலி, அதாவது பெல்ட் ஓடும் கப்பி, இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டின் கழுத்தில் மடித்துவிட்ட பூட்டு வளையம் இருக்கிறது. அண்ணை உளியால் அந்த மடிப்பை நிமிர்த்தினார். காரை நாலாம் கியரில் போட்டு, ஹான்ட் பிரேக்கை இழுத்து, நீட்டு ஸ்பனரைப் பூட்டி, சுத்தியலால் ஒரே ஒரு அடி. 'டங்.' கழன்றது. பக்கத்தில் நின்ற பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான். முதல் நாள் அவன் அரை மணித்தியாலம் தொங்கிப் பார்த்தானாம்.

ஸ்பனரைப் பற்றி ஒரு சொல். இன்றைய யப்பான் கார்களுக்கு 10, 12, 14 என்ற மூன்று சாவி இருந்தால் பாதிக் காரைக் கழற்றிவிடலாம். மைனர் அங்குலத்தில் பிறந்த பிறவி. அரை அங்குலத் தலைக்கு 13 சாவியைப் போட்டால் போகும், ஆனால் லூசாகப் போகும். இரண்டு தரம் வழுக்கினால் போல்ட்டின் மூலைகள் உருண்டுவிடும். அண்ணையின் அங்குல ஸ்பனர்கள் தனிப் பெட்டியில் துணி சுற்றி இருக்கின்றன. பொடியனுக்கு அதில் கை வைக்க இன்னும் அனுமதி இல்லை.

மூடி வந்தது.

ஐயோ, என்ன அழகு! கீழே சின்னப் பல்லுச்சக்கரம், மேலே அதைப்போல இரண்டு மடங்கு பல்லுள்ள பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஒற்றைவடச் சங்கிலி. எல்லாம் தேன் நிற ஒயிலில் குளித்து மினுங்குகின்றன. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால்கூடப் பொருந்தும். எனக்கு உடனே வாயில் வந்தது: "இதுதானா அண்ணை மைனர் செயின்!" கழுத்தில் பவுண் சங்கிலி தொங்க, சேட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுத் திரியும் பழைய படத்து மைனர்களை நினைத்துச் சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை. இந்தப் பகிடியை அவர் ஆயிரம் தரம் கேட்டிருப்பார்.

சங்கிலியின் வேலை எளிது. கீழ்ச் சக்கரம் கிராங்கில் இருக்கிறது. மேல் சக்கரம் காம் தண்டில் இருக்கிறது. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஒரு சுற்று. காம் சுற்றினால் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். இது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்தது. அண்ணை தன் விரலைக் காம் சக்கரத்தின் நடுவில் வைத்து, எஞ்சினின் முழு நீளத்துக்கும் காற்றில் ஒரு கோடு இழுத்து, பின்பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்தத் தண்டின்ர வாலிலைதான் ஒயில் பம்ப் கொழுவி இருக்கு."

அதாவது மைனரின் ஒயில் பம்புக்குத் தனிச் சங்கிலி கிடையாது. காம் தண்டின் முன் நுனியை இந்தச் சங்கிலி சுற்றுகிறது. பின் நுனி பம்பைச் சுற்றுகிறது. வால்வும் இதன் தயவு, ஒயிலும் இதன் தயவு. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அழுத்தத்தில் ஒயிலை எல்லாப் பெயாரிங்குக்கும் தள்ளுகிற பம்ப், ஒரு சைக்கிள் செயினை விட மெல்லிய வளையங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது! வாத்தியார் தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருடம் நல்லூர்த் தேருக்கும் கீரிமலைக்கும் குடும்பத்தை ஏற்றிப்போன மனிதர்.

சைக்கிள் என்றதால் சொல்கிறேன். சங்கிலியின் சங்கதி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதில்லை. ரலியோ லுமாலாவோ, பின் சில்லை இழுத்துவைத்து, விரலால் செயினை அமத்திப் பார்த்துத் தொய்வு எடுக்கத் தெரியாத ஆள் இங்கே குறைவு. உருளைச் சங்கிலியை இன்று நாங்கள் காண்கிற வடிவில் 1880இல் மான்செஸ்ரரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனோல்ட், சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். சைக்கிளில் இருப்பதும் எஞ்சினுக்குள் இருப்பதும் அந்த ஒரு பரம்பரைதான். 'செயின் நீண்டு போச்சு' என்போம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு ஊசியும் அது சுழலும் குழலும் மயிரளவு தேய்கின்றன. ஐம்பது மயிரளவைக் கூட்டினால் ஒரு தொய்வு. சைக்கிளில் சில்லைப் பின்னுக்கு இழுக்கலாம். எஞ்சினில் கிராங்கை எங்கே இழுப்பது? அதற்குத்தான் ரென்சனர். தொய்வைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும் கை.

சரி, மைனரின் ரென்சனர் எங்கே?

நான் தேடினேன். ஸ்பிறிங் இல்லை, தகடு இல்லை. அண்ணை காம் சக்கரத்தின் பல்லுகளுக்கு இரண்டு பக்கமும் இருந்த தவாளிப்புகளைக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்குறூ டிரைவரால் கிளறினார். புழுக்கொடியல் துண்டு போல ஒன்று முறிந்து விழுந்தது.

"வெள்ளைக்காரன் ரெண்டு ரப்பர் வளையத்தைப் போட்டுட்டு, இதுதான் ரென்சனர் எண்டவன்."

உண்மைதான். சங்கிலியின் பக்கத் தகடுகள் அந்த ரப்பர் வளையங்களில் பதிந்து ஓட வேண்டும். தொய்வையும் சத்தத்தையும் ரப்பர் வாங்கிக்கொள்ளும். புதிதாய் இருக்கும்போது நன்றாய் வேலை செய்யும். சூட்டிலும் ஒயிலிலும் வருடக்கணக்காய்க் கிடந்தால் இறுகி, வெடித்து, துண்டுதுண்டாய், கீழே ஒயில் தேங்கும் சம்புக்குள் விழும். பிறகு சங்கிலி தன் பாட்டில் மூடியைத் தட்டிக்கொண்டு ஓடும். வாத்தியாருக்குக் காலையில் கேட்ட 'கிலுகிலு' இதுதான். அவர் வால்வுச் சத்தம் என்று நினைத்து இரண்டு தரம் ரப்பெட் பார்த்துக் காசு கொடுத்திருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த எஞ்சினுக்கு 'ஏ சீரீஸ்' என்று பெயர். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் முதலில் வந்தது, 1952இலிருந்து மைனருக்கு, கடைசியில் மினி காரோடு 2000ஆம் ஆண்டில்தான் ஓய்ந்தது. மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னர் மினியையும் வரைந்தவர். பிரித்தானியாவில் பத்து லட்சம் தொட்ட முதல் கார் மைனர். அந்த மகிழ்ச்சியில் கத்தரிப்பூ நிறத்தில் ஏறத்தாழ 350 கார்களைத் தனியாகச் செய்து விட்டார்கள். கத்தரிப்பூ நிற மைனர்! வாத்தியாரிடம் சொன்னேன். "எங்கட ஆளுக்குச் சாம்பல்தான் மரியாதை" என்றார்.

இந்த ரப்பர் வளையங்களுக்கு மிகப் பொல்லாத காலம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பொல்லாத காலம்தான்.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். காருக்கு? மண்ணெண்ணெய். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் நகையைப் போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை. ஒழுங்கை முழுக்க விளக்கு மணம்.

இதை வெளியூரார் ஏதோ மந்திரம் போலச் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்தக் கெட்டித்தனம் கார் கராஜில் பிறக்கவில்லை, தோட்டத்தில் பிறந்தது என்றுதான் படுகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிசின் போட்டு இறைத்த ஊர் இது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசினோடு பழகாத தோட்டக்காரன் உண்டா? இங்கிலாந்திலும் ஃபெர்கசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கென்றே ஒரு வகை இருந்தது. அதுவும் இதே முறைதான். மிசினுக்குத் தெரிந்த வித்தையைக் காருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா விடுமா? அது பெற்றோலைப் போல முழுக்க ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழே சம்புக்குள் இறங்கும். மூன்றரை லீற்றருக்குச் சற்று மேலே பிடிக்கிற சம்பில், ஓட ஓட ஒயில் குறையாது, கூடும்! அண்ணை இதைச் சொல்லும்போதுதான் முதல் முறை சிரித்தார். "டிப் ஸ்ரிக்கை இழுத்தா லெவல் ஏறி நிக்கும். சனம் சந்தோசப்படும். மணந்து பாத்தாத்தான் தெரியும்." தண்ணியாய்ப் போன ஒயிலை எவ்வளவு சுற்றினாலும் பம்பால் அழுத்தமாய்த் தள்ள முடியாது. பெயாரிங் தேயும், சங்கிலி தேயும், தேய்ந்த சங்கிலி தொய்யும். ஒரே சங்கிலியில் பம்பும் வால்வும் தொங்குவதால் நோய் சுற்றிச் சுற்றி வரும்.

வளையம் முறிந்தால் புது வளையம் கிடைக்காது. கஸ்கட்டைக் கலண்டர் மட்டையில் வெட்டலாம், வெட்டினார்கள். அண்ணை ஒருமுறை ரயர் ரியூப்பில் வளையம் வெட்டிப் போட்டுப் பார்த்தாராம்.

"என்ன நடந்தது?"

"ரெண்டு கிழமை. பிறகு ஊறின அப்பளம்."

ரியூப் ரப்பர் ஒயிலைக் குடித்து ஊதிவிடும். ஒரிஜினல் வளையம் ஒயிலைத் தாங்கும் செயற்கை ரப்பர். இந்த ஒரு பாடத்துக்கு அவருக்கு ஒரு முழு எஞ்சின் இறக்க வேண்டி வந்திருக்கிறது.

வேடிக்கை இதுதான். அந்த 1990களில் இதே இலங்கைத் தீவில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திவந்த சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியில், மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி பாத் நகருக்குப் போன சாமான், ஆனையிறவைத் தாண்டி வர வழியில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது அண்ணை முதலில் செய்த பயணம், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு. "கோயிலுக்குப் போன மாதிரி" என்றார்.

இப்போது கொட்டகையின் மறுபக்கத்துக்கு வாருங்கள், ஒரு நிமிடம்தான். அங்கே ரொயோட்டா அலியன் ஒன்று, இசட்ஆர் எஞ்சின், அதற்கும் முன் மூடி கழன்றிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? இதில் பெரிய சங்கிலி வால்வுகளுக்கு. கீழே ஒரு குட்டிச் சங்கிலி ஒயில் பம்புக்கு மட்டும். குட்டிக்கென்று தனி ரென்சனர்: ஒரு தகடு, வழுவழுப்பான முகம், பின்னால் ஸ்பிறிங். பெரியதின் ரென்சனரை ஒயில் அழுத்தமே தள்ளிப் பிடிக்கிறது. குட்டிக்கு ஸ்பிறிங் போட்டதில் ஒரு நியாயம் தெரிகிறது எனக்கு. ஒயிலை அனுப்புகிறவனே ஒயில் வரும்வரை காத்திருக்க முடியுமா? பொடியன் குட்டிச் சங்கிலியை விரலால் அமத்திக் காட்டினான். ஸ்பிறிங் மெல்ல விட்டுக்கொடுத்துத் திரும்பி வந்தது. நானும் அமத்தினேன். பிறகு இன்னும் ஒரு முறை. வெட்கமாய்த்தான் இருந்தது.

புதுசு என்றால் நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிஎம்டபிள்யூவின் என்20 எஞ்சினில் சங்கிலி ஓடும் பிளாஸ்ரிக் வழிகாட்டிகள் முறிந்து, ஒயில் பம்புச் சங்கிலியும் சேர்ந்து பேசப்பட்டு, விசயம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. பம்புச் சங்கிலி நின்றால் எந்த எஞ்சினுக்கும் கதை ஒன்றுதான்: அழுத்தம் பூச்சியம், சில நிமிடத்தில் பெயாரிங் பிடித்துவிடும்.

மைனருக்குத் திரும்புவோம். மணி பத்தரை. பொதி பிரிக்கும் நேரம்!

லண்டனிலிருந்து வந்த மருமகனின் பெட்டிக்குள், சொக்கிலேற்றுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் வந்த பொதி அது. பிரித்தால்: இரட்டைவடச் சங்கிலி. அகலமான இரண்டு சக்கரம், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசைப் பல்லு. மினி கூப்பர் எஸ் கார்களுக்குப் போட்ட வகை இது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மொன்ரி கார்லோ பந்தயத்தை வென்ற மினி. அந்தப் பந்தயக்காரனின் நகை இப்போது வாத்தியாரின் காருக்கு. தேத்தண்ணி கொண்டுவந்த வாத்தியாரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"எனக்கு முப்பது வருசமாக் கேட்டும் வராத ரெட்டைவடம், உதுக்கு வந்திட்டுதோ?"

பவுண் போகிற விலைக்கு வாத்தியார் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் நான் எதிர்பாராத சிக்கல். புதுச் சங்கிலி அகலம். பின்னால் முன்தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் தலைகள் வெளியே துருத்தி நிற்கின்றன. சங்கிலி அவற்றில் உரசும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, தகட்டில் துளையின் வாயைக் கூம்பாய்க் குடைந்து, தலை உள்ளே புதையும் ஸ்குறூ போட வேண்டும். அண்ணை துளைக்கும் மிசினைக் கையில் எடுத்ததும் கொட்டகையில் பேச்சு நின்றது. கூடக் குடைந்தால் தகடு போச்சு. குறையக் குடைந்தால் சங்கிலி போச்சு. ஒரு சுற்று, ஊதிப் பார்த்தல், விரல் நுனியால் தடவல், மறுபடி ஒரு சுற்று. பத்து நிமிடம் எடுத்தது. கடைசியில் ஸ்குறூத் தலை தகட்டோடு மட்டமாய்ப் படுத்தது. நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படவில்லை. நான் கை தட்டிவிட்டேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை.

பிறகு பொருத்தம் பார்த்தல். சாதகம் அல்ல, சக்கரம். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு பல்லுத் தள்ளினாலும் எஞ்சின் மூச்சு முட்டும். இரும்புச் சட்டம் ஒன்றை இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே வைத்து மட்டம் பார்த்து, கீழ்ச் சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வளையத் தகடுகள் போட்டு இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார். ஒயிலை மூடிப் பக்கம் போகாமல் தட்டிவிடும் தட்டை முகம் மாறாமல் வைத்தார். மூடியை வைத்தாலும் உடனே இறுக்கக் கூடாதாம். முதலில் புலியை உள்ளே தள்ளி, ஒயில் சீல் அதன் கழுத்தில் நடுவாய் உட்கார்ந்த பிறகே போல்ட்டுகளைச் சுற்றிச்சுற்றி இறுக்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்ட மைனர்தான் வீட்டு வாசலில் கறுப்புக் கோலம் போடும்.

இப்போது என் அபிப்பிராயம், அண்ணைக்குக் கேட்காமல். இந்தக் காருக்கு இரட்டைவடம் கட்டாயம் இல்லை. 37 குதிரை வலு உள்ள 948 சீசி எஞ்சின், கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற கார். புது ஒற்றைச் சங்கிலியும் புது ரப்பர் வளையம் இரண்டும் போட்டிருந்தால் காணும். இரட்டைவடத்தில் ரப்பர் வளையமே கிடையாது. அது தேயாமல் இருப்பதை நம்பித்தான் ஓடுகிறது. தேய்வு இரண்டு வரிசைக்குப் பங்கு போவதால் தொய்ய நாள் எடுக்கும், அதுதான் லாபம். மீதி ஆசை. ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்காத நாட்டில், திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிற நாட்டில், இருக்கிற காருக்கு ஒரு சங்கிலி போட்டு அழகு பார்க்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மதியம் ஒன்றரை. றேடியேற்றர் ஏறிவிட்டது. 20 டபிள்யூ 50 ஒயில் ஊற்றியாயிற்று. அண்ணை நாலு பிளக்கையும் கழற்றிவைத்துவிட்டு ஸ்ரார்ட்டரை மட்டும் சுற்றச் சொன்னார், முதலில் ஒயில் ஏறட்டும் என்று. வாத்தியார் உள்ளே. நாங்கள் மூவரும் யன்னலுக்குள் தலையை விட்டு, வேக மானிக்குள் எரியும் ஒயில் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். கர்... கர்... கர்... எரிகிறது. கர்... கர்... எரிகிறது. வாத்தியாரின் மனைவி பின்னால் நின்று "முருகா" என்றார். விளக்கு அணைந்தது.

பிளக்கைப் போட்டு மறுபடி சுற்றினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. முன்னால் காது கொடுத்தேன். விசிறிக் காற்றும் ரப்பெட்டின் தையல் மிசின் சத்தமும் மட்டும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு மைனர் நின்றால், நாளைக் காலை முதல் ஸ்ரார்ட்டில் பொனற்றைத் திறந்து முன்பக்கம் காதை வையுங்கள். பேணிக்குள் சில்லறை குலுங்குவதுபோலக் கேட்டால் ரப்பெட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய சேட் போட்டுக்கொண்டு போங்கள்.